திரும்பி வராத மூச்சு

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் மாடிப்படி ஏறுகிறார். பாதி வழியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார். "வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை" என்று சிரித்துச் சமாளிக்கிறார். அவருடைய சட்டைப் பையில் சிகரெட் பெட்டி இருக்கிறது. புகையையே நாடாத அவருடைய அண்ணனோ அதே படிகளில் நிற்காமல் ஏறிச் செல்கிறார். மூத்தவருக்கு இல்லாத முதுமை இளையவருக்கு எங்கிருந்து வந்தது?

நம் நுரையீரல்களுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுச் சிற்றறைகள் இருக்கின்றன. நாம் இழுக்கும் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் இவற்றின் மெல்லிய சுவர்களின் வழியாகத்தான் இரத்தத்தில் கலக்கிறது. காற்று வந்து போகும் குழாய்களின் உட்புறத்தில் மயிரினும் நுண்ணிய இழைகள் ஓயாது அசைந்து, தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. புகையிலைப் புகை முதலில் இந்த இழைகளைச் செயலிழக்கச் செய்கிறது. பின்னர் மூச்சுக் குழாய்களை வீங்கச் செய்து குறுக்குகிறது. நாளடைவில் சிற்றறைகளின் சுவர்களையே அரித்துவிடுகிறது. அரிக்கப்பட்ட சுவர்களை மீண்டும் எழுப்பும் மருந்து இன்றுவரை இல்லை.

மூச்சின் வலிமையை அளக்க முடியுமா? முடியும். 1846-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன், நீரில் கவிழ்த்து வைத்த கலத்துக்குள் மனிதரை ஊதச் செய்து, 2,000-க்கும் மேற்பட்டோரின் மூச்சை அளந்து வெளியிட்டார். அக்கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். ஆழ்ந்து இழுத்த மூச்சை வேகமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்பதையே இன்றைய மருத்துவர்கள் முக்கியமாகக் கவனிக்கின்றனர். இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளில் இந்த அளவு உச்சத்தை அடைகிறது. அதன் பிறகு எல்லோருக்கும் ஆண்டுதோறும் சிறிது குறைகிறது. அது இயற்கை. அந்தக் குறைவை விரைவுபடுத்துவதுதான் புகையின் வேலை.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் இங்கிலாந்தின் சார்லஸ் ஃபிளெட்சரும் ரிச்சர்ட் பீட்டோவும் ஆவர். 1961 முதல் 8 ஆண்டுகள், இலண்டனில் பணியாற்றிய 792 ஆண்களின் மூச்சு மீண்டும் மீண்டும் அளக்கப்பட்டது. 1977-இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளில் மூன்றை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது: புகைப்போர் அனைவரும் ஒரே வேகத்தில் மூச்சை இழப்பதில்லை. "என் பாட்டனார் எண்பது வயது வரை புகைத்தாரே" என்று வாதிடுவோர், பாட்டனாரின் நுரையீரல் தமக்கும் வாய்த்திருக்கிறது என்று எதைக் கொண்டு நம்புகின்றனர்?

இரண்டாவது: சளியும் இருமலும் இந்த இழப்புக்கு அளவுகோல் அல்ல. இருமலே இல்லாதவரின் மூச்சும் ஓசையின்றிக் குறைந்துகொண்டிருக்கலாம். மனிதர் தம்மை அறியாமலே நடையைத் தளர்த்திக்கொள்கிறார், படிகளைத் தவிர்க்கிறார், பேரப்பிள்ளையைத் தூக்குவதை விட்டுவிடுகிறார். மூச்சு முட்டுவதை அவர் உணரும் நாளில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

மூன்றாவது: இழந்த மூச்சு பெரும்பாலும் திரும்புவதில்லை, ஆயினும், புகையை விட்டவருக்கு இழப்பின் வேகம் ஏறத்தாழப் புகைக்காதவரின் அளவுக்குத் தணிந்துவிடுகிறது.

இந்த மூன்றாவது உண்மையைப் பிற்காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வொன்று எண்களால் உறுதிப்படுத்தியது. மூச்சுக் குழாய் அடைப்பு தொடங்கிவிட்ட புகைப்பாளர்களை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2002-இல் முடிவு வெளியாயிற்று. ஆண்களில், தொடர்ந்து புகைத்தவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 66 மி.லி. இழந்தார். தொடக்கத்திலேயே விட்டுவிட்டவர் இழந்ததோ சுமார் 30 மி.லி. மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது வயதில் 3,000 மி.லி. ஊதக்கூடிய ஒருவர் இந்த வேகத்தில் 25 ஆண்டுகள் புகைத்தால், அறுபத்தைந்தில் அவரிடம் எஞ்சுவது 1,350 மி.லி. நாற்பதிலேயே விட்டிருந்தால் 2,250 மி.லி. இருந்திருக்கும். முன்னவருக்குக் கடைத்தெரு வரை நடப்பதே பெரும்பாடாகலாம். பின்னவர் தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

பீடி இலையில் சுற்றப்பட்டது, ஆகவே கெடுதல் குறைவு என்று எண்ணுவோரும் உளர். பீடி எளிதில் அணைந்துவிடும். அணையாமலிருக்க அடிக்கடி, ஆழ இழுக்க வேண்டும். நெஞ்சுக்குள் செல்லும் நஞ்சு அதனால் குறைவதில்லை.

இதில் வீட்டாருக்கும் பங்குண்டு. தந்தை கூடத்தில் அமர்ந்து விடும் புகையை, இன்னும் வளர்ந்து முடியாத பிள்ளைகளின் நுரையீரல்கள் உள்ளிழுக்கின்றன. அத்தகைய வீடுகளில் குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளி நோய்களும் ஆஸ்துமாவும் மிகுதியாகின்றன. அவர்களுடைய மூச்சு வலிமையும் எட்ட வேண்டிய அளவை எட்டாமல் போகலாம். தந்தை தம் மூச்சை மட்டும் செலவழிக்கவில்லை. பிள்ளையின் சேமிப்பிலிருந்தும் எடுக்கிறார்.

"விட முடியவில்லையே" என்பீர்கள். நிகோடின் மனிதனை அடிமைப்படுத்தும் பொருள் என்பது உண்மைதான். ஆயினும் சகோதரர்களே, ரமளானில் ஸஹர் முதல் மஃரிப் வரை 13, 14 மணி நேரம் உங்கள் கை அந்தப் பெட்டியைத் தொடுவதில்லையே! பகலெல்லாம் முடிந்தது, நோன்பு துறந்த சிறிது நேரத்தில் முடியாமற் போவானேன்? அந்த மாதத்தையே தொடக்கமாகக் கொள்ளுங்கள். தனித்துப் போராட இயலாவிடில் மருத்துவரை நாடுங்கள். நிகோடின் மெல்லும் பசை முதலிய துணைகள் உள்ளன. ஒருமுறை தோற்றால் மறுமுறை முயலுங்கள். சகோதரிகளே, விட முயலும் கணவரின் எரிச்சலைச் சில வாரங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு நாம் சம்பாதித்த சொத்தன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். போனது போகட்டும். எஞ்சியிருப்பதையாவது காப்போம்.