சந்தைக்குச் சாதி தெரியாதா?



பொருளியல் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் இப்போது ஒரு கேள்வியோடு வருகிறார்கள். அரசு கூலியை நிர்ணயிக்க வேண்டாம், வரியைக் குறைக்கட்டும், சந்தையைத் தன் போக்கில் விடட்டும். லாபம் தேடுகிறவன் சாதி பார்க்க மாட்டான், பிறகு சாதி எங்கே நிற்கும் என்கிறார்கள். இப்படிக் கேட்கிற பிள்ளையை 'முதலாளிகளின் ஆள்' என்று சொல்லி வாயடைப்பது சுலபம். ஆனால் அந்த வாதத்துக்கு ஒரு வலு இருக்கிறது. முழுதாகக் கேட்டுவிட்டே பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1962-ல் எழுதிய 'முதலாளித்துவமும் சுதந்திரமும்' நூலில் ரொட்டியை உதாரணம் காட்டுகிறார். ரொட்டி வாங்குகிறவருக்கு அந்தக் கோதுமையை விளைவித்தவர் கறுப்பரா வெள்ளையரா என்று தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. அவருக்கு முன்பே, 1957-ல், கேரி பெக்கர் இதற்குக் கணக்குப் போட்டிருந்தார். பாகுபாடு பார்க்கும் முதலாளி, குறைந்த கூலிக்குக் கிடைக்கும் திறமையான ஆளை விட்டுவிட்டு அதிகக் கூலி கொடுக்கிறார். பாகுபாடு பார்க்காத போட்டியாளர் அவரை ஓரங்கட்டிவிடுவார். ஆகவே சந்தை மெல்ல மெல்லப் பாகுபாட்டை அரித்துவிடும்.

ரொட்டியை வைத்துவிட்டுப் பாலை எடுத்துக்கொள்வோம். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006-ல் 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' என்ற நூல் வெளிவந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவான கிராமங்களில் தலித்துகள் கூட்டுறவுக்குப் பால் விற்க முடியவில்லை என்று அது பதிவு செய்தது. பால் வெள்ளைதான், கறந்தவர் யார் என்று பாலில் எழுதியிருக்காது. ஆனால் ஊருக்குத் தெரியும். ஃப்ரீட்மனின் ரொட்டிக்கடையில் விளைவித்தவர் முகம் தெரியாதவர். நம் கிராமத்தில் முகம் தெரியாதவர் யாருமே இல்லை. சரி, நகரத்துக்குப் போனால்? சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி, வேறு வேறு பெயர் என்று விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருள்ள விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அந்த ஆய்வு 2007-ல் வெளியானது. எல்லாம் நவீன நிறுவனங்கள்.

பெக்கரின் அரிமானம் ஏன் இங்கே நடக்கவில்லை? விடை பொருளியலுக்குள்ளேயே இருக்கிறது. 1976-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் சாதியையே எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். விதியை மீறுகிறவரோடு மற்றவர்கள் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டால், மீறுவதில் வரும் லாபத்தைவிட நஷ்டம் பெரிதாகிவிடும். சாதியில் நம்பிக்கை இல்லாதவரும் விதிக்குக் கட்டுப்படுவார். ஊர்விலக்கம் என்று நாம் சொல்வதைத்தான் அவர் சூத்திரமாக்கினார்.

வெண்மணியை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அறுபதுகளில் தஞ்சையில் புதிய நெல் ரகங்கள் வந்தன, விளைச்சல் கூடியது. அறுவடைக்கு ஆள் தேவை கூடினால் கூலி கூட வேண்டும். அதுதான் சந்தை விதி. தொழிலாளர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல். மிராசுதாரர்கள் தனித்தனியாகப் பேரம் பேசவில்லை, நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அதையும் சந்தை என்றே வைத்துக்கொள்வோம். செங்கொடியை இறக்கு, உன் சங்கத்தை விட்டு எங்கள் சங்கத்துக்கு வா என்றார்களே, அது எந்தச் சந்தை? 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மறுவருடம் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சந்தை கொடுக்காத அரைப்படிக்குச் சட்டம் வேண்டியிருந்தது.

இதனால் சந்தையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பண்ணையை விட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் காசுக் கூலியில் கண்ட விடுதலை பொய்யல்ல. தலித் தொழில்முனைவோரைப் பற்றிச் சந்திரபான் பிரசாத் எழுதுவதில் உண்மை உண்டு. ஆனால் பண்ணையை விட்டுப் போகும் துணிவு எங்கிருந்து வந்தது? ரேஷன் அரிசி, அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, இடஒதுக்கீடு. இவற்றில் பெரும்பகுதி வரிப்பணத்தில் நடப்பவை. 'எங்கள் வரிப்பணம்' என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சிறு நினைவூட்டல்: குடிசையில் வாங்கும் சோப்புக்கும் ஜிஎஸ்டி உண்டு.

கடைசியாக, சந்தைவாதிகளின் மூதாதையான ஆடம் ஸ்மித்திடம் வருவோம். அசுத்தமான வேலைக்கும் இழிவாகக் கருதப்படும் வேலைக்கும் கூலி அதிகமாக இருக்கும் என்று 1776-ல் எழுதினார். தூக்கிலிடுகிறவரைக்கூட உதாரணம் காட்டினார். அந்தக் கணக்குப்படி மலக்குழியில் இறங்குகிறவரின் கூலி இந்த நாட்டிலேயே உயர்ந்த கூலிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் ஸ்மித்தின் தொழிலாளி 'இந்த வேலை வேண்டாம்' என்று வேறு வேலைக்குப் போகக்கூடியவர். நம் ஆட்களுக்கு மற்றக் கதவுகளைச் சாதி மூடியிருக்கிறது. சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலையாட்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-ல் சொன்னது இதைத்தான்.

2013-ன் சட்டம் இந்த வேலையைத் தடை செய்கிறது. சாவுகள் நிற்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-ல் 30 லட்சம் ஆக்கியது. ஆனால் குறைந்த தொகை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற முறையில் இயந்திர வாடகை ஒரு செலவு, ஆள் இறங்குவது ஒரு மிச்சம்.

இங்கிருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊர் நகராட்சியின் கழிவுநீர் ஒப்பந்த நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்துக்கு எவ்வளவு, பாதுகாப்புக் கருவிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, விபத்து நடந்தால் பணம் கட்ட வேண்டியவர் யார் என்று அதில் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாள்களை வைத்துப் பேசுவோம்.