பாலாற்றங்கரை சொல்லும் பாடம்

உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி

எங்கள் வீடு வெள்ளவத்தையில். வாப்பாவின் பட்டறை கொட்டாஞ்சேனையில். ஐந்து பேர் வேலை செய்யும் அந்தச் சின்ன இடத்தில் பெல்ட், பணப்பை, பெண்களுக்கான கைப்பை எல்லாம் தைக்கிறார்கள். சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் ஒருநாள் நானும் அங்கே போயிருந்தேன். உழ்ஹிய்யாத் தோல்கள் எங்கே போகின்றன என்று பேச்சு வந்தது. அப்போதுதான் கேட்டேன்.

“வாப்பா, தோல் பதப்படுத்துற தண்ணி பிறகு எங்க போகுது?”

“அது எங்களுக்குத் தெரியாது மகள். நாங்க வெட்டித் தைக்கிறது மட்டும்தானே.”

தோல் கொண்டுவந்திருந்த நானாவிடம் கேட்டேன். “நான் வாங்கி விக்கிற ஆள் மகள்” என்று அவரும் சிரித்தார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தண்ணீருக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை.

பொருளியல் பாடத்தில் இதைப் படித்திருக்கிறோம். ஒருவர் செய்யும் உற்பத்தியால் வரும் தீங்கின் செலவை வேறொருவர் சுமப்பது. பாடமாக மட்டும் தெரிந்திருந்த விடயம், அன்று எங்கள் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லீற்றர் தண்ணீர் வேண்டும். தோல் அழுகாமல் இருக்க முதலில் உப்பிடுவார்கள். பிறகு ஊறவைத்து உப்பைக் கழுவுவார்கள். சுண்ணாம்பும் சல்பைட்டும் சேர்த்து முடியை நீக்குவார்கள். அக்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்டார்கள். இன்று பெரும்பாலும் குரோமியம் உப்பைப் பயன்படுத்துகிறார்கள். இவை எல்லாவற்றின் மிச்சமும் கழிவு நீரில் இருக்கும்.

இதைச் சுத்திகரிக்கத் தொட்டிகள், இயந்திரங்கள், மின்சாரம், படித்த ஆட்கள் எல்லாம் தேவை. பெரிய கம்பனியால் முடியும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் அந்த நிலையத்தின் செலவு தொழிலையே விழுங்கிவிடும். அப்படியானால் சிறிய தொழில்கள் மூடப்பட வேண்டியதுதானா? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் தமிழ்நாட்டின் பாலாற்றங்கரை பற்றி அறிந்தேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோலுக்குப் பெயர்போனவை. அங்குள்ள முஸ்லிம்களில் பலர் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் இருப்பவர்கள். வாணியம்பாடியில் 1919இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரிக்குத் தோல் வணிகர்களின் உதவியும் உண்டு. சேர்ந்து ஒரு கல்லூரியை எழுப்பத் தெரிந்தவர்கள், கழிவு நீர் விடயத்தில் மட்டும் ஏன் சேரவில்லை? கல்லூரியில் படிப்பது தம் பிள்ளைகள். கழிவு போய்ச் சேர்வதோ இன்னொருவரின் கிணற்றுக்கும் வயலுக்கும். காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1991இல் வேலூர் மக்கள் நல அமைப்பொன்று இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சுமார் 35,000 ஹெக்டேயர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிர்செய்ய முடியாமல் போனதென்ற ஆய்வு முடிவும் அந்த வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறி, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபா தண்டம் விதித்தது. சுத்திகரிப்பு வசதி செய்யாவிட்டால் மூட வேண்டும் என்பதும் உறுதியானது.

அந்த நெருக்கடிதான் அவர்களை ஒன்றுசேர்த்தது. ஓர் ஊரின் தொழிற்சாலைகள் சேர்ந்து ஒரு கம்பனியை அமைத்து, அதில் பங்குதாரர்களாயின. வாணியம்பாடியில் வாணிடெக், இராணிப்பேட்டையில் ராணிடெக் என்பன அப்படி உருவானவை. கட்டுமானச் செலவில் பாதிவரை மத்திய, மாநில அரசுகள் மானியமாகக் கொடுக்கும் திட்டமும் இருந்தது. மீதிக்குக் கடனும் உறுப்பினர்களின் முதலும். தனியே சுமக்க முடியாத பாரம் பங்கு போட்டபோது தாங்கக்கூடியதாயிற்று.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அரசன் குளத்தை நிரப்ப வீட்டுக்கு ஒரு குடம் பால் கேட்ட கதை நமக்குத் தெரியும். “எல்லோரும் பால் ஊற்றுவார்கள், என் ஒரு குடம் தண்ணீர் யாருக்குத் தெரியப் போகிறது?” என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். விடிந்தபோது குளம் நிறையத் தண்ணீர்! பொது நிலையத்திலும் இதே ஆபத்துதான். ஒருவர் குரோமியத்தைப் பிரிக்காமல் அனுப்பினாலும், அளவுக்கு மேல் அனுப்பினாலும், குழாயில் எல்லாம் கலந்துவிடும். அதனால் ஒவ்வொரு வாசலிலும் அளவெடுத்தல் வேண்டும். அதிகம் அனுப்புபவர் அதிகம் கட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரணச் சுத்திகரிப்பில் கரைந்த உப்பு நீங்காது. அதற்குச் சவ்வு வழியே நீரை அழுத்தி வடிக்கும் முறை வேண்டும். அது செலவு கூடியது. எஞ்சும் கழிவுச் சேற்றையும் பாதுகாப்பாக வைக்க வேண்டும். 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் ஒரு பொது நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்ததில், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்கச் சொன்னது. ஒன்றுசேர்வது முதற்படி மட்டுமே. அதைக் கண்காணிப்பது அன்றாட வேலை.

நம் ஊருக்கு வருவோம். கொழும்பு மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதே ஆறு கொட்டாஞ்சேனைக்கு அப்பால் மட்டக்குளிப் பக்கம் கடலில் சேர்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, மாசு உண்டாக்கும் தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவை. பியகம ஏற்றுமதி வலயத்தில் தொழிற்சாலைகளுக்கெனப் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. ஆனால் ஒழுங்கைகளில் சிதறிக் கிடக்கும் சிறிய பட்டறைகளுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் ஒன்றுகூடினால்தான் கேட்கவாவது முடியும்.

இதையெல்லாம் ஓர் இரவு வாப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“உரிமம் உள்ள இடத்துத் தோல்தான் வேணும் எண்டு நான் மட்டும் கேட்டா, என்ட பையிட விலை ஏறும். பக்கத்துக் கடைக்காரர் மலிவா விப்பார். பிறகு ஆர் எங்களிட்ட வாங்குற?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாலாற்றங்கரைத் தொழிற்சாலை உரிமையாளரும் அன்று இதைத்தான் சொல்லியிருப்பார்.

“அப்ப அந்த ஒழுங்கையில இருக்கிற எல்லாரும் சேர்ந்து கேட்டா?” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, பக்கத்துப் பட்டறைக்காரர்கள் மூவரோடு வாப்பா பேசியிருக்கிறார். ஒருவர் சம்மதித்தார். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மற்றவர் சிரித்தார். நான்கில் இரண்டு. குளத்தில் இரண்டு குடம் பால் விழுந்திருக்கிறது.

தோழிகளே, அடுத்த முறை ஒரு கைப்பை வாங்கும்போது விலையோடு இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: “இதைப் பதப்படுத்தின தண்ணி எங்க போச்சு?” ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். எல்லோரும் கேட்டால் பதில் தேடுவார்.