திரித்துவமும் தௌஹீதும்

ஆனைமலைத் தொடரின்மீது அமைந்த வால்பாறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிற் காடு திருத்தித் தோட்டங்கள் இடப்பட்டபின் வளர்ந்த ஊராகும். பிழைப்பு நாடிப் பலவிடங்களினின்றும் வந்தோர் தத்தம் வழிபாட்டையும் உடன்கொண்டு வந்தனர். ஆதலின் கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் ஆண்டு ஒருங்கே விளங்குகின்றன. இங்ஙனம் பல சமயத்தார் கலந்துறையும் இடங்களில் ஒரு வினா எழுதல் இயல்பு. கடவுள் ஒருவரே எனக் கிறித்தவரும் கூறுவர், இசுலாமியரும் கூறுவர். அங்ஙனமாகவும், கிறித்தவர் எடுத்துரைக்கும் திரித்துவக் கொள்கை இசுலாமியர்க்கு உடன்பாடாகாமை என்னை? அதனை ஆராய்தல் சைவர்க்கும் பயனுடைத்து.

திரித்துவமாவது, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூவரும் ஒரே சாரத்தினர் என்பது. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டினோபிளிலும் கூடிய சங்கங்கள் இதனை வரையறுத்தன. சாரம் ஒன்று, தனிநிலை மூன்று எனக் கிரேக்கர் இருவேறு சொற்களால் பகுத்துரைத்தனர். அத்தனிநிலையைக் குறிக்கும் சொல் தமிழ்க் கத்தோலிக்கர் ஞானோபதேசத்தில் ‘ஆள்’ என வழங்கிற்று. ஆயின், உலகவழக்கில் ‘மூன்று ஆட்கள்’ எனின் வெவ்வேறான மூவரே கொள்ளப்படுவர். அரபுமொழிக் கிறித்தவர் சிரிய மொழியினின்றும் ‘உக்னூம்’ என்னும் சொல்லைக் கடனாகக் கொண்டனர்.

இசுலாமியர்க்கோ தௌஹீது என்னும் இறையொருமையே சமயத்தின் வேர். இறைவனுக்கு இணைவைத்தல் பெரும்பாவம். ‘மூன்று’ என்று கூறற்க எனக் குர்ஆன் வெளிப்படையாக விலக்குகின்றது. ஆதலின் திரித்துவம் அவர்க்கு நுண்பொருளாகத் தோன்றாது, பல்கடவுட் கொள்கையாகவே தோன்றும்.

இம்முடிச்சை அவிழ்க்கப் பண்டே முயன்றோர் உளர். ஏறத்தாழ 781இல் பாக்தாதில் கலீபா மஹ்தியின் வினாக்களுக்கு விடையிறுத்த திமொத்தேயு என்னும் கிறித்தவ குலபதி, ஞாயிறும் அதன் ஒளியும் வெம்மையும் போல என உவமை காட்டினார். பிறர் இசுலாமியரின் சிபத்துக் கொள்கையையே துணையாகக் கொண்டனர். அறிவு, உயிர் முதலிய இறைக்குணங்கள் அவனேயுமல்ல, அவனின் வேறுமல்ல என்பது அசுஅரி மரபினர் துணிபு. அங்ஙனமே எம் கொள்கையையும் கொள்க என்றனர் கிறித்தவர். குணங்கள் மூன்றென்னும் வரையறைக்குட்பட்டன அல்ல. குணம் தனித்து மானுடவுடல் தாங்கி வருதலுமில்லை என்பது இசுலாமியர் மறுப்பு.

ஈண்டு, குணகுணி இயைபினை நன்கறிந்த சைவர் அவசரப்பட்டு ஒப்புமை காணலாகாது. இச்சை, ஞானம், கிரியை என்பன ஒரே சத்தியின் நிகழ்ச்சி வேறுபாடுகள். ஒன்றையொன்று நேசிக்கும் தனிநிலைகள் அல்ல. அயன், அரி, உருத்திரன் என்னும் மூவர் தொழிற்குரிமை பூண்டவர். சிவபரம்பொருள் அவர்க்கு மேற்பட்டது. கிறித்தவர் கூறும் மூவரோ மகிமையில் ஒத்தவர், அவர்க்கு மேலொன்றில்லை. எனவே மும்மூர்த்திகளே திரித்துவம் என்பது இருதிறத்தார்க்கும் பொருந்தாது.

இவ்வினாவைப் பேரவையில் வைத்துத் தீர்க்க எழுந்த முயற்சியே ஆக்ரா வாதம். 1854 ஏப்ரல் 10, 11 நாட்களில் ஜெர்மானிய மிஷனரி பாண்டரும் மௌலவி ரகுமத்துல்லா கைரானவியும் வாதிட்டனர். பாண்டர்க்குப் பிரெஞ்ச் என்னும் பெயருடைய பாதிரியாரும், மௌலவிக்கு மருத்துவர் வஜீர்கானும் துணைநின்றனர். வேதம் நீக்கப்பட்டதா, வேதம் திரிக்கப்பட்டதா, திரித்துவம், முகம்மது நபியின் தூதுத்துவம், குர்ஆன் என ஐந்து பொருள்கள் குறிக்கப்பட்டன. ஆயின் வாதம் இரண்டாம் பொருளிலேயே நின்றது. விவிலியத்தில் சிலவிடங்களிற் பாடவேறுபாடு உண்டென உடன்பட்ட பாண்டர், அதனால் அடிப்படைக் கொள்கைகட்கு ஊறில்லை என்றார். திரிபுற்ற நூல் சான்றாகாது என்றார் மௌலவி. திரித்துவம் பேசப்படவேயில்லை. பாண்டர் அதனைத் தம் ‘மிப்தாஹுல் அஸ்றார்’ என்னும் நூலில் முன்னரே நிறுவ முயன்றிருந்தார். 1857க்குப்பின் மக்கா சென்ற மௌலவி, 1864இல் கான்ஸ்டான்டினோபிளில் வெளிவந்த ‘இழ்ஹாறுல் ஹக்’ என்னும் நூலில் அதனை மறுத்தார். நேர்முகமாகக் கேட்டு விடையிறுத்தற்குரிய பொருள் நூல்களுள்ளே தனித்தனி ஒடுங்கிற்று.

அவ்வாதம் இரண்டாம் பொருளில் நின்றது தற்செயலன்று. திரித்துவம் காண்டலாலும் கருதலாலும் மட்டும் பெறப்படுவதன்று, உரையளவையைச் சார்ந்தது. உரை இருவர்க்கும் பொதுவாகாதவழி அதனாற் பெறப்படும் பொருளும் பொதுவாகாது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தில் அளவையை முதற்கண் வைத்ததன் அருமை இதனால் விளங்கும்.

பிறர் நூலைக் கற்றே வாதிடும் முறை அவ்வாண்டில் யாழ்ப்பாணத்தும் காணப்பட்டது. பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பிற் துணைநின்ற ஆறுமுக நாவலர், அப்பயிற்சியைக் கொண்டே 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். ஆக்ராவில் மௌலவி செய்ததும் யாழ்ப்பாணத்தில் நாவலர் செய்ததும் ஒருதிறத்தன.

பரபக்கத்தில் ஒவ்வொரு மதத்தையும் முதலில் அம்மதத்தார் கூறுமாறே நிறுத்திப் பின்னரே மறுதலை உரைக்கப்படுகின்றது. கிறித்தவர் மூன்று கடவுளரை வணங்குவர் என்பதும், இசுலாமியர் நுண்பொருள் உணரார் என்பதும் அம்முறைக்கு மாறாம். அயலார் கொள்கையை அவர் ஒப்புமாறு எடுத்துரைக்க வல்லானுக்கே அதனை மறுத்தற்கும் உரிமை உண்டு. வால்பாறை போலும் ஊர்களில் ஒரு தேயிலைத் தோட்டத்தே தோளோடு தோள் நின்று உழைப்பார்க்கு இம்முறையினும் சிறந்த காப்பு வேறில்லை என்க.