திருத்தணிக்கு ஷெரிஃப் யார்?

அமெரிக்கப் படங்களில் வரும் கவுண்டி ஷெரிஃப் பெரும்பாலும் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வருபவர். பிடிக்கலைன்னா அடுத்த தேர்தலில் மக்களே வீட்டுக்கு அனுப்பலாம். நம்ம ஊரில் அந்த இடத்தில் இருப்பவர் மாவட்ட எஸ்பி. அரசு நியமிக்கும், அரசே மாற்றும். அவருக்குக் கீழே டிஎஸ்பி, இன்ஸ்பெக்டர், எஸ்ஐ.

இந்த அமைப்புக்கு அடிப்படை, சென்னை மாகாணத்துக்காக 1859-ல் வந்த மாவட்டக் காவல் சட்டம். 1953-ல் சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணி ஆந்திராவுக்குப் போச்சு. ம.பொ.சி. முன்நின்ற போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் திரும்பி வந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கு மேலதிகாரி மாறினார், சட்டம் மாறலை. ரெண்டு பக்கமும் அதே 1859 சட்டம்தான்!

எல்லையை மாற்ற முடிஞ்சது. எஸ்பி நமக்கு நேராகப் பதில் சொல்லும் வழிதான் இன்னும் வரலை.