அரிசியா, மொழியா, நன்றியா?

1967-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். தேர்தலுக்கு முதல் நாள் இரவு.

விருதுநகர் பக்கம் ஒரு கரிசல் கிராமம். அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். அன்று அந்தப் பக்கத்தில் அப்படி எத்தனையோ வீடுகள் இருந்தன.

அடுப்பில் உலை கொதிக்கிறது. குடும்பத் தலைவி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறாள். திண்ணையில் அவள் கணவர் வெற்றிலை மென்றபடி இருக்கிறார். மதுரையில் கல்லூரியில் படிக்கும் மகன் ஊருக்கு வந்திருக்கிறான்.

"அய்யா, நாளைக்கு யாருக்கு ஓட்டுப் போடப் போறீக?" என்று மகன் கேட்கிறான்.

"நம்ம ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடம் கொண்டாந்தவருக்குத்தான். அவரு இல்லேன்னா நீ இன்னிக்கு மாடு மேச்சுக்கிட்டு இருப்பே."

"நம்ம மொழிக்கு ஆபத்து வந்திருக்கே, அய்யா!"

உள்ளேயிருந்து தாயின் குரல் வருகிறது: "மொழியும் பள்ளிக்கூடமும் இருக்கட்டும். அரிசி விக்கிற வெலைக்கு நாளைக்கு ஒலை வைக்கணுமே, அதுக்கு யாராச்சும் வழி சொன்னாகளா?"

ஒரே வீடு. மூன்று பேர். மூன்று கவலைகள். மூன்றுமே நியாயமானவை.

ஆனால், ஒரு சீட்டில் ஒரு சின்னத்தில்தான் முத்திரை குத்தலாம். மூன்று கவலைகளையும் மூன்று சீட்டில் எழுதிப் போட முடியாது. அப்படியானால் எதை முதலில் வைப்பது?

தாயின் கவலை

1965-லும் 1966-லும் நாட்டில் மழை பொய்த்தது. விளைச்சல் விழுந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கியது. ஒரு மாநிலத்து அரிசியை அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. 1966-ம் ஆண்டு ஜூன் 6-ந்தேதி ரூபாயின் மதிப்பையும் மத்திய அரசு குறைத்தது. அதுவரை ஒரு அமெரிக்க டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. அதன் பிறகு 7 ரூபாய் 50 காசு!

டாலர் என்றால் என்ன என்று கிராமத்துப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். கடைக்காரர் சொல்லும் விலை அவளுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் தி.மு.க. ஒரு வாக்குறுதி கொடுத்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம். ஒரு படி நிச்சயம்! அந்தச் சொல் மேடையிலிருந்து இறங்கி நேராக அடுப்படிக்குள் நுழைந்தது.

மகனின் கவலை

1950-ல் வந்த அரசியல் சட்டம், பதினைந்து ஆண்டு வரை ஆங்கிலமும் ஆட்சிமொழியாக இருக்கலாம் என்றது. அந்தக் கெடு 1965-ம் ஆண்டு ஜனவரி 26-ந்தேதி முடிந்தது. இனி இந்தி மட்டும்தானா என்ற அச்சம் தமிழ்நாட்டில் பரவியது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால், அந்த வாக்கைச் சட்டமாக எழுதவில்லை என்பதே மாணவர்களின் குறை.

ஜனவரி 25-ந்தேதி மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் கலவரம் மூண்டது. கிளர்ச்சி மாநிலம் முழுவதும் பரவியது. துப்பாக்கிச் சூடு நடந்தது. பல உயிர்கள் போயின. மத்திய மந்திரிகளாக இருந்த சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். அதன் பிறகு, நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசினார். கிளர்ச்சி அடங்கியது. ஆறாத புண் மட்டும் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நாளில் ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். (18 வயது என்று மாறியது 1989-ல்தான்.) ஆகவே, தெருவில் இறங்கிப் போராடிய மாணவர்களில் பலருக்கு ஓட்டே கிடையாது! அவர்கள் என்ன செய்தார்கள்? கிராமம் கிராமமாகப் போய், ஓட்டு உள்ளவர்களிடம் பேசினார்கள். நமது கதையில் வரும் மகனும் அப்படித்தான். அவன் கவலை ஓட்டுப் பெட்டிக்குள் போக வேண்டுமானால், தாய் தந்தையின் கை வழியாகத்தான் போக வேண்டும்.

தந்தையின் கவலை

1954 முதல் 1963 வரை முதல்-மந்திரியாக இருந்தவர் காமராஜர். ஊர்தோறும் பள்ளிகள் திறந்தார். 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். பசிக்குப் பயந்து மாடு மேய்க்கப் போன பிள்ளை, சோற்றுக்காகப் பள்ளிக்கூடம் வந்தான். வந்தவன் எழுத்தும் படித்தான்.

அந்தக் காமராஜர் 1967-ல் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்றவர். சொந்த ஊரான விருதுநகரிலேயே சட்டசபைக்கு நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் பெ.சீனிவாசன். மொழிக் கிளர்ச்சியில் முன்னணியில் இருந்த மாணவர் தலைவர்!

தகப்பனாரின் கவலை இதுதான்: நேற்றுச் சோறு போட்டவரை இன்று மறக்கலாமா?

பெட்டி திறந்தது

ஓட்டுகளை எண்ணினார்கள். நாடே திகைத்தது!

காமராஜருக்கு 32,136 ஓட்டு. சீனிவாசனுக்கு 33,421 ஓட்டு. வித்தியாசம் 1,285 தான்.

ஒரு தொகுதியில் 1,285 ஓட்டு என்பது எவ்வளவு? சில தெருக்கள். அவ்வளவுதான். "என் ஒரு ஓட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

முதல்-மந்திரி பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். மொத்தம் 234 இடங்களில் தி.மு.க.வுக்கு 137 கிடைத்தது. மார்ச் 6-ந்தேதி அண்ணா முதல்-மந்திரி ஆனார்.

மக்கள் எதற்காக ஓட்டுப் போட்டார்கள்? மொழிக்காக என்றார்கள் சிலர். அரிசிக்காக என்றார்கள் சிலர். ஜனவரி 12-ந்தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது, அந்த இரக்கம்தான் காரணம் என்றார்கள் வேறு சிலர். கட்சிகள் சேர்ந்த கூட்டணியே காரணம் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் காங்கிரசுக்கும் தி.மு.க.வுக்கும் கிடைத்தது ஏறத்தாழ 41 சதவீதம்தான்!

ஓட்டுச் சீட்டில் காரணம் எழுத இடம் இல்லை. காரணம் ஓட்டுப் போட்டவர் நெஞ்சோடு நின்றுவிடுகிறது.

பிறகு என்ன ஆயிற்று?

வாக்குறுதிகளின் கதை கேட்கத் தக்கது.

ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் 1967-ல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. ஆனால், மாநிலம் முழுவதும் பரப்ப முடியவில்லை. பணம் இடம் கொடுக்கவில்லை. மூன்று படி லட்சியமாகவே நின்றது.

மொழி விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. 1967-ம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. இந்தி பேசாத மாநிலங்கள் சம்மதிக்காமல் ஆங்கிலத்தை எடுக்க முடியாது என்று அது உறுதி செய்தது. 1968-ம் ஆண்டு ஜனவரியில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சென்னைச் சட்டசபை தீர்மானம் போட்டது. அந்த இருமொழிக் கொள்கையைப் பின்னால் வந்த ஆட்சிகளும் மாற்றவில்லை.

ஆக, தாயின் கவலை அவசரமானது. அதற்குக் கிடைத்த மருந்து கொஞ்ச நாளே நின்றது. மகனின் கவலை அவ்வளவு அவசரமாகத் தெரியவில்லை; அதன் பலன் தலைமுறைகளுக்கு நின்றது. இதனால் தாயின் கவலை சிறியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பசித்த பிள்ளையிடம் "பத்து வருஷம் பொறு" என்று எந்தத் தாய் சொல்வாள்?

எடை போடுவது எப்படி?

கவலைகள் பல இருக்கும்போது எதை முதலில் வைப்பது? அந்தத் தேர்தலின் அனுபவம் சில கேள்விகளைக் கற்றுத் தருகிறது.

முதல் கேள்வி: இந்தக் காரியம் யார் கையில் இருக்கிறது? 1967-ல் சட்டசபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் நடந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு. ஆட்சிமொழிச் சட்டமும் ரூபாயின் மதிப்பும் டில்லியின் கையில் இருந்தன. பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் சென்னையின் கையில் இருந்தன. ஊர்த் தெருவிளக்கு பஞ்சாயத்தின் கையில். தெருவிளக்குக்காக எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பது, தலைவலிக்குத் தச்சரிடம் போவது போல!

இரண்டாவது கேள்வி: செய்த தவறைப் பிறகு திருத்த முடியுமா? விலை ஏறும், இறங்கும். ஒருமுறை இழந்த உரிமை எளிதில் திரும்பாது. திருத்த முடியாததற்குக் கொஞ்சம் அதிக எடை கொடுக்கலாம்.

மூன்றாவது கேள்வி: சொன்னதைச் செய்யப் பணம் எங்கிருந்து வரும்? படி அரிசி நல்ல எண்ணம்தான். ஆனால், கஜானா சின்னது. வாக்குறுதியைக் கேட்கும்போதே கணக்கையும் கேட்க வேண்டும்.

நான்காவது கேள்வி: இவரோடு கூட யார் வருகிறார்கள்? 1967-ல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுகளும் ஒரே கூட்டணியில் இருந்தார்கள். ஒருவர் தனியார் தொழில் வேண்டும் என்பவர். மற்றவர் பொதுவுடைமை வேண்டும் என்பவர். 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜியே, 1965-ல் அதை எதிர்த்து நின்றார்! ஒரு கவலைக்காகப் போடும் ஓட்டு, பல கொள்கைகளையும் சேர்த்து உள்ளே அழைத்து வருகிறது.

ஐந்தாவது கேள்வி: என் வீட்டில் ஓட்டு இல்லாதவர் யார்? பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. ஆனால், இன்று போடும் ஓட்டோடு அதிக காலம் வாழப் போகிறவர்கள் அவர்கள்தான்.

நன்றியை எங்கே வைப்பது? நன்றி நல்ல குணம். அது ஒருவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லும். நாளை என்ன நடக்கும் என்பதை முழுதும் சொல்லாது. அதற்காக, தோற்றவரை மக்கள் மறந்துவிட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1969-ம் ஆண்டு ஜனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. காமராஜர் நின்றார். வென்றார்! ஒரு தேர்தலில் பின்னால் நின்ற காரணம், அடுத்த தேர்தலில் முன்னால் வந்தது.

மறுநாள் காலை

மீண்டும் அந்தக் கரிசல் கிராமத்துக்குப் போவோம்.

கணவனும் மனைவியும் ஓட்டுச்சாவடியிலிருந்து திரும்பி வருகிறார்கள். இருவர் விரலிலும் மை. வாசலில் மகன் காத்திருக்கிறான்.

"அய்யா, யாருக்குப் போட்டீக?"

தந்தை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். "ராத்திரி பூரா நீ சொன்னதையும் யோசிச்சேன். உங்கம்மா சொன்னதையும் யோசிச்சேன். பொறவுதான் போட்டேன்."

"அதான் யாருக்கு?"

"அது ரகசியம்லே!"

மகன் தாயைப் பார்க்கிறான். அவள் பதில் சொல்லவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறாள். மத்தியானச் சோற்றுக்கு நேரமாகிவிட்டது.