கொடையில் எழுந்த கல்லூரிகள்



1839-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாளிட்ட விண்ணப்பம் ஒன்று, சென்னை ஆளுநராக இருந்த எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பெற்றது. அதில் கையொப்பமிட்டவர்கள் 70,000 பேர். தந்திகூட இல்லாத அந்நாளில் இத்தனை பேரை ஒன்று திரட்டியது எது? தம் பிள்ளைகள் உயர்கல்வி பெறுவதற்கு ஒரு கல்விச்சாலை வேண்டும் என்ற வேட்கைதான். அதன் பயனாகத் தோன்றிய பள்ளி வளர்ந்து 1855-இல் மாநிலக் கல்லூரி ஆயிற்று. 1857 செப்டம்பர் 5-ஆம் நாள் சென்னைப் பல்கலைக் கழகம் சட்டத்தால் நிறுவப்பெற்றது. நம் மாநிலத்து உயர்கல்வி ஆள்வோர் தாமாக வழங்கிய பரிசன்று. மக்கள் கேட்டுப் பெற்ற உரிமை.

அப்பல்கலைக் கழகத்தின் அமைப்பில் ஒரு புதுமை உண்டு. இலண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அது, முதற் பல ஆண்டுகள் தானே பாடம் நடத்தவில்லை. கல்லூரிகளை இணைத்துக்கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் பணியாக இருந்தது. ‘பாடம் சொல்லித் தராத பல்கலைக் கழகம் என்ன பல்கலைக் கழகம்?’ என்று நீங்கள் வினவலாம். குறைதான், ஆயினும் அக்குறையிலிருந்தே ஒரு நன்மை விளைந்தது. ஊர் எதுவாயினும், தகுதியுள்ள ஆசிரியர்களைத் திரட்டிக் கல்லூரி நடத்த முடியுமானால், அதனைப் பல்கலைக் கழகத்தோடு இணைத்துவிடலாம். ஆகவே கல்வி தலைநகரிலேயே தேங்கி நிற்கவில்லை. திருச்சி, மதுரை, திருநெல்வேலி, கும்பகோணம் என்று பல ஊர்களுக்கும் பரவியது. அரசாங்கமும் கிறிஸ்தவச் சமயத் தொண்டர்களும் உள்ளூர்ச் செல்வர்களும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தனர்.

கும்பகோணத்தையே எடுத்துக்கொள்வோம். காவிரிக்கரையில் 1854-இல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர்க் கல்லூரியாக உயர்ந்தது அந்நிறுவனம். தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபின், 1880-இல் அங்கே தமிழாசிரியராக அமர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். அவ்வூரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, அவர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். 1887-இல் அதனைப் பதிப்பித்தார். பகலில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் ஏட்டுச்சுவடி. சிறிய ஊர் ஒன்றின் கல்லூரியில், தமிழாசிரியருக்கு ஏனையோரைவிட மதிப்புக் குறைந்திருந்த காலத்தில், நம் பழைய இலக்கியம் இவ்வாறு மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது.

அதே கல்லூரியில் 1904-இல் சேர்ந்த மாணவர் ஒருவர் கணக்கில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டார். தேர்வில் தோற்று, உதவித்தொகையையும் இழந்தார். அவர்தாம் இராமானுஜன். எல்லாரையும் ஒரே முழக்கோலால் அளக்கும் தேர்வுமுறைக்கு இதனினும் பெரிய கண்டனம் வேண்டுவதில்லை. ஆனால் கதையின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. பட்டம் பெறாத அந்த இளைஞருக்கே 1913-இல் சென்னைப் பல்கலைக் கழகம் திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. தன் விதியைத் தானே தளர்த்தத் துணிந்த அந்தப் பல்கலைக் கழகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இனி, கொடையாளர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். பச்சையப்ப முதலியார் 1794-இல் மறைந்தார். அவர் எழுதிவைத்த அறப்பொருள் நெடுங்காலம் வழக்கில் சிக்கிக் கிடந்தது. இறுதியில் அதன் ஒரு பகுதி கல்விக்கு உரியதாகி, 1842-இல் பள்ளியாகவும் 1889-இல் கல்லூரியாகவும் உருப்பெற்றது. சிதம்பரத்தில் 1920-இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலை செட்டியாரின் கொடை, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகமாக மலர்ந்தது.

கோவைக்கு அருகில் பீளமேட்டில் நிகழ்ந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவுக்கு மக்கள் நால்வர். 1926-இல் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது, அவர்கள் அதனை நான்கு பங்காக்கவில்லை, ஐந்து பங்காக்கினார்கள். ஐந்தாம் பங்கு அறத்திற்கு! உடன்பிறந்தார் வரப்புத் தகராற்றில் நீதிமன்றப் படியேறுவதைக் கண்ட நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். அந்த ஐந்தாம் பங்கிலிருந்தே அங்குள்ள கலைக்கல்லூரியும் தொழில்நுட்பக் கல்லூரியும் பிறந்தன.

1947-இல் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வரவேண்டும் என்று வேண்டினார். அங்கிருந்த அழகப்ப செட்டியார் அப்போதே எழுந்து நன்கொடையை அறிவித்தார். அவ்வாண்டிலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்கிவிட்டது. பின்னர் மின்வேதியியல் ஆய்வு நிலையத்திற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அவர் வழங்கினார். வறண்ட செட்டிநாட்டு மண்ணில் அறிவியல் ஆராய்ச்சி வேரூன்றியது இவ்வாறுதான்.

பெண்களுக்கு இவ்வாயில்கள் எளிதில் திறக்கவில்லை. புதுக்கோட்டைக் கல்லூரியில் முத்துலட்சுமி சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் தலையிட்டே இடம் அளிக்க வேண்டியிருந்தது. அவர் 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமானார். 1914-இல் சென்னையில் மகளிர்க்கெனத் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரியும் குறிப்பிடத்தக்கது.

இவற்றின் விளைவை ஓர் எண்ணால் காட்டலாம். 2021-22-ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 28 அளவில் இருக்க, தமிழ்நாட்டில் 47 ஆக இருந்தது.

எண்ணைக் கண்டு நான் முழுவதும் மகிழ்ந்துவிடவில்லை. 1980-களிலிருந்து சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. அவற்றுள் நல்லனவும் உண்டு; கட்டடத்தைக் காட்டிக் கட்டணம் வாங்குவனவும் உண்டு. நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ மகனைத் தொலைதூரக் கல்லூரிக்கு அனுப்பும் தந்தையரைப் பார்க்கிறோம். சேர்வதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நூலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது? ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை ஆண்டுகள் அங்கே தங்கிப் பணிபுரிகின்றனர்? விளம்பரத் தாளில் இவற்றிற்கு விடை இராது. அங்கே பயிலும் மாணவர் ஒருவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். இதே கேள்விகளை உங்கள் மாவட்டத்து அரசினர் கல்லூரியிலும், பழைய கொடையில் எழுந்த உதவிபெறும் கல்லூரியிலும் கேட்டுப் பாருங்கள். அங்கே கட்டணம் குறைவு. பலருக்கு வீட்டிலிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவுதான்.