இல்லத்தில் ஒரு சர்வர்

திருமண நிழற்படங்களும் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றும் மருத்துவர் தந்த சீட்டுகளும் ஒரு காலத்தில் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தன. இன்று அவை கைப்பேசி வழியே, நாம் கண்டறியாத நிறுவனங்களின் கணினிகளிற் சென்று தங்குகின்றன. இலவசம் என்கிறார்கள். நம்மைப் பற்றி அவர்கள் திரட்டும் செய்திகளே அதன் விலை.

2010 பிப்ரவரியில் நியூயார்க் நகரில் ஆற்றிய உரையொன்றில் இதைக் கடிந்து பேசினார், கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஈபன் மோக்லன். வீடுதோறும் சிறியதொரு சர்வர் இருக்கட்டும், அவரவர் பொருள் அவரவர் கூரையின் கீழ் இருக்கட்டும் என்பதே அவர் சொன்ன வழி. அதிலிருந்து பிறந்ததே ஃப்ரீடம்பாக்ஸ். உள்ளங்கையளவான ராஸ்பெரி பை கணினியிலும் அது இயங்கும்.

ஆயினும் சர்வரை நடத்துவது வல்லுநர் வேலையன்றோ? இத்தடையை நீக்கவே பிளிந்த் என்னும் நிர்வாக மென்பொருள் எழுதப்பட்டது. தூணைத் தாங்கும் அடிப்பீடம் என்பது அப்பெயரின் பொருள். வீட்டிலுள்ள எந்தக் கணினியின் பிரௌசரிலும் அது பக்கங்களாகத் திறக்கும். முதன்முறை நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பின்னர், நாட்காட்டிக்கு ராடிகேல், கோப்புகளுக்கு சிங்க்திங், உரையாடலுக்கு மேட்ரிக்ஸ் என வேண்டியதைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால், அமைப்பு வேலைகளில் பெரும்பகுதியை அதுவே செய்துவிடும். பாதுகாப்புத் திருத்தங்களும் தாமாகவே வந்து சேரும். குடும்பத்தில் எவருக்கு எது திறக்கலாம் என்பதையும் அங்கேயே குறிக்கலாம்.

எல்லாம் எளிது என்று கூற நாம் துணியோம். மின்னஞ்சலை வீட்டிலிருந்து நடத்துவது பெரும் தொல்லை. இணைப்பு தரும் நிறுவனங்கள் பல அதற்குரிய வழியையே அடைத்து வைத்துள்ளன. தொடக்கத்தில் நாட்காட்டியும் கோப்புகளும் போதும் என்பது நம் கருத்து.

இன்னும் பெரிய கவலை வேறு. நிறுவனம் காத்துவந்ததை இனி நாமே காக்க வேண்டும். வீட்டில் வெள்ளம் புகுந்தால் சர்வரும் போகும், அதனருகே வைத்த நகலும் போகும். பிளிந்த் திரையில் நகலெடுப்பதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. அதன் வழியே வேறூரில் வாழும் தம்பியின் ஃப்ரீடம்பாக்ஸுக்கு நாள்தோறும் நகல் அனுப்பலாம். மறைகுறியாக்கி அனுப்புவதால் தம்பியும் அதைப் படிக்க இயலாது. நம் பெட்டி பழுதானபின் மறைசொல்லும் மறந்துபோயிற்றெனில் நாமும் படிக்க இயலாது!

ஆதலால், நிறுவுகின்ற அன்றே மறைசொல்லைத் தாளில் எழுதி வேறோர் இல்லத்தில் வைத்திடுக. இல்லத்தலைவர் ஒருவரே நிர்வாகியாயிருக்கும் வழக்கமும் வேண்டாம்; பயனர் பக்கத்தில் மனைவியின் பெயரையும் நிர்வாகிக் குழுவில் சேர்க்கலாம். இன்று மாலையே செய்து முடிக்கக்கூடிய வேலை அது.